பரிபூரணத்துக்கு ஒத்துவராத ஊசி

உப்புவெளியில் பரிபூரணத்தைப் பகைத்துக்கொள்ள ஒருவரும் விரும்புவதில்லை. அவர் வாய்க்காரி என்பதால் அல்ல. வாய்ச்சண்டை பிடிக்கிறவர்களின் கோபம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். பரிபூரணத்துக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். பிறகு அந்தக் கோபம் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

கணவர் கடலில் போனபோது, செத்தவீட்டில் வைத்துக் கணவரின் தமையன் ஒரு சொல் சொல்லிவிட்டார். "இவள் இந்த வீட்டுக்கு வந்த நேரம்தான்." பரிபூரணம் அப்போது வாய் திறக்கவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு அதே மனிதர் தன் மகளின் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். பரிபூரணம் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "குடிச்சிட்டுப் போங்கோ அத்தான். நான் வரமாட்டன். என்ர நேரம் உங்கட பிள்ளைக்குப் பட்டிடக் கூடாது" என்றாராம். அந்த மனிதர் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனார். இதைச் சொல்லிச் சிரிக்கும்போது பரிபூரணத்தின் முகம் நன்றாக இருக்கும்.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. கடற்கரையோரம் இருக்கும் சின்ன விடுதிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவாயும் அவர் வளவில்தான் வெளுக்கும். நான் வேலை செய்யும் விடுதியும் அவற்றில் ஒன்று. அந்த வழியில்தான் எனக்கு அவர் பூரணமக்கா ஆனார். தோய்க்க மெஷின்கள் இருந்தன, உதவிக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆனாலும் நனைந்த விரிப்பை முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் எறிவது அவர்தான். மற்றவர்கள் உதறினால் சுருக்கம் போகாது என்பார். அந்த உதறும் சத்தம் வீதிவரைக்கும் கேட்கும். பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் தினமும் குளிசை போட்டுக்கொண்டுதான் இவ்வளவும். கொஞ்சம் ஆறுதலாக இருங்கோ என்று யாராவது சொன்னால், "குளிசை என்ர வயதுக்கு. வேலை எனக்கு" என்பார்.

போன வருடம் மாரி முடிகிற நேரம், கொடிக்கம்பி ஒன்று அறுந்து அவருடைய இடது காலைக் கீறியது. மஞ்சள் பூசிவிட்டு வேலையைப் பார்த்தார். சில நாளில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. காய்ச்சலும் குலைப்பன் நடுக்கமும் பிடித்தன. அவருடைய மகள் தர்சிகா பாலர் பாடசாலை ஆசிரியை. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். அங்கே வரிசையில் நிற்க ஏலாது என்று பரிபூரணம் மறுத்துவிட்டு, அன்று பின்னேரம் மகள் பாடசாலைக் கூட்டத்துக்குப் போன கையோடு முனீப்பைக் கூப்பிட்டு, பிரதாபன் டொக்டரிடம் போனார். முனீப் கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வந்து எங்கள் பக்கம் ஓட்டோ ஓடுகிறவர். விடுதிகளுக்கு விரிப்பு மூட்டைகளை ஏற்றி இறக்குவதும் அவர்தான்.

பிரதாபன் டொக்டரைக் கெட்டவர் என்று அதற்கு முதல் ஒருவரும் சொன்னதில்லை. நிலாவெளி வீதியில் பின்னேரங்களில் டிஸ்பென்சரி நடத்தினார். கைராசிக்காரர் என்று பெயர். வேகமானவர். உள்ளே போன ஆள் உடனேயே வெளியே வந்துவிடும். அந்த வேகத்துக்காகவே சனம் அவரிடம் போனது.

பரிபூரணம் கதிரையில் இருந்து சேலையை முழங்கால்வரை உயர்த்திக் காலைக் காட்டினார். டொக்டர் அமத்திப் பார்த்தார்.

"கிருமி ஏறிட்டுது அம்மா. ஊசி ஒண்டு போட்டுவிடுறன். குளிசையும் தாறன்."

"டொக்டர், ஒண்டு சொல்லவேணும். எனக்குப் பென்சிலின் ஒத்துவராது. மகள் வயித்தில இருக்கேக்க ஒருக்காப் போட்டு உடம்பெல்லாம் தடிச்சு, முகம் வீங்கி, ஆளையே அடையாளம் தெரியேல்லை. இனிமேல் போடக்கூடாதெண்டு அப்பவே சொன்னவை."

"மகளுக்கு இப்ப என்ன வயது?"

"முப்பத்தெட்டு."

டொக்டர் சிரித்தார். "அது அந்தக் காலத்துக் கதை அம்மா. இப்ப வாற மருந்து வேற. அப்ப ஒத்துவராதது இப்பவும் ஒத்துவராதெண்டு ஒரு சட்டமும் இல்லை."

"எண்டாலும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். வயது போனால் எல்லாத்துக்கும் பயம்தான் வரும்."

ஊசி போடுகிற பிள்ளையின் பெயர் நிவேதிகா. அவள் மருந்தை ஏற்றிய ஊசியோடு நின்று, பரிபூரணத்தையும் டொக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போடுங்கோ" என்றார் டொக்டர். அடுத்த ஆளை உள்ளே வரச் சொல்லி மணி அடித்தார்.

ஓட்டோ வீதிக்கு ஏறியதும் உள்ளங்கை இரண்டும் அரிக்கத் தொடங்கின. பரிபூரணம் கைகளைச் சேலையில் தேய்த்தார். பிறகு உள்ளங்கால். பிறகு காது சுட்டது. நாக்கு வாய்க்குள் தடித்துக்கொண்டு போனது. முனீப்பைக் கூப்பிட வாய் திறந்தால் பேர் வரவில்லை. அவர் முன்னால் இருந்த கம்பியில் மோதிரத்தால் தட்டினார்.

முனீப் திரும்பிப் பார்த்தார். முகத்தைக் கண்டதும் ஓட்டோவை நடுவீதியில் வைத்தே திருப்பினார். "அம்மா, பயப்படாதீங்க. கண்ண மூடாதீங்க. என்னப் பாருங்க, என்னப் பாருங்க" என்று கத்திக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார். டிஸ்பென்சரிக்குத் திரும்பிப் போகாமல் ஏன் அங்கே போனார் என்று நான் பிறகு கேட்டேன். "அங்க போனா மணி அடிச்சுப் போட்டு வரிசையில இரிக்கச் சொல்லுவாங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பரிபூரணத்துக்கு நாடி பிடிபடவில்லை. தொடையில் ஊசி போட்டார்கள். வழக்கமாக அந்த ஊசியோடு ஆள் திரும்பிவிடுமாம். பரிபூரணம் திரும்பவில்லை. மறுபடி போட்டார்கள், மறுபடியும் போட்டார்கள், நாளத்தில் ஏற்றினார்கள். கடைசியில் மூச்சு வந்தது. ஆனால் அதற்குள் நெஞ்சு அடிபட்டுவிட்டது.

அங்கே இருந்த பெண் டொக்டர், ஓடி வந்த தர்சிகாவைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். "இளம் ஆக்கள் எண்டால் முதல் ஊசியோட எழும்பியிருப்பினம். அம்மா நெஞ்சுப் படபடப்புக்குப் போடுற குளிசை, நாங்கள் போட்ட மருந்தை வேலை செய்ய விடேல்லை. வயது போன இதயம், ரத்த ஓட்டம் இறங்கினதைத் தாங்கேல்லை. இதயத்தின்ர ஒரு பக்கம் பலமிழந்திட்டுது. இனிமேல் பாரம் தூக்க ஏலாது."

"பழைய ஒவ்வாமை காலம் போகப் போக இல்லாமப் போகும் எண்டு பிரதாபன் டொக்டர் சொன்னவராம். உண்மையோ?"

"கன பேருக்கு இல்லாமப் போறது உண்மைதான். அதை ஆஸ்பத்திரியில வைச்சு, எல்லா ஆயத்தத்தோடையும்தான் சோதிச்சுப் பார்க்கிறது. ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிச் சோதிக்கிறேல்லை."

பரிபூரணம் வீட்டுக்கு வந்தபோது விறாந்தையிலிருந்து கிணற்றடிக்கு நடக்கவே இளைத்தது. உதவிக்கு வந்த பெண்கள் விரிப்புகளை உதறினார்கள், சுருக்கத்தோடு காய்ந்தன. கொஞ்சக் காலத்தில் விடுதிகள் ஒவ்வொன்றாக நகரத்து லோண்டரிக்கு மாறின. எங்கள் விடுதியும் மாறியது. அதைச் சொல்ல நான்தான் போனேன். பூரணமக்கா தலையாட்டினார். "நீ என்ன செய்வாய் பிள்ளை. உன்ர முதலாளி சொல்லுறார்" என்றார். என்மேல் கோபமில்லை. கோபத்தை அவர் வேறோர் ஆளுக்காகச் சேர்த்து வைத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கோபம் இருந்தாலும் அதுவரைக்கும்கூட அவர் டொக்டரை மன்னிக்கக் கூடிய நிலையில்தான் இருந்தார் என்று தர்சிகா சொல்வாள். தவறு எல்லாருக்கும் வருகிறதுதானே என்று ஒருதரம் சொன்னாராம். ஒரு நாள் டொக்டர் வீட்டுக்கு வந்து, "நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும்" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை. தர்சிகா போய்க் கேட்டாள். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்னவாம்?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையாம் அம்மா."

"என்ன?"

"'உங்கட அம்மா அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே. சொல்லியிருந்தால் நான் போட்டிருப்பனோ? வயது போன ஆக்கள், சொன்னதாக நினைச்சுக்கொண்டிருப்பினம்' எண்டு சொல்லுறார்."

பரிபூரணத்தின் குரல் தணிந்தது. "அப்பிடியோ" என்றார். அவ்வளவுதான்.

தர்சிகா சுகாதாரப் பகுதிக்கு முறைப்பாடு கொடுத்தாள். அவர்கள் டொக்டரை விசாரித்தார்கள், நிவேதிகாவையும் விசாரித்தார்கள். தனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்று நிவேதிகா சொன்னாள். விசயம் அத்தோடு படுத்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு நாள் பயந்து பயந்து பரிபூரணத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, நான் கேட்டனான். நீங்கள் சொன்னதை நான் கேட்டனான். சொன்னால் என்ர வேலை போயிடும். வீட்டில நான் மட்டும்தான் உழைக்கிறது."

"உன்னை நான் ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை" என்றார் பரிபூரணம். "நீ வாயை மூடிக்கொண்டிரு. அவர் வாயைத்தான் நான் திறக்கவேணும்."

அடுத்த நாள் பின்னேரம் நல்ல சேலை உடுத்து, முனீப்பின் ஓட்டோவில் ஏறி, டிஸ்பென்சரிக்குப் போய், காத்திருக்கும் கதிரை ஒன்றில் இருந்தார். வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்த ஆள் மாதிரியே இருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒரு வயதான மனுசி இருந்தா.

"உங்களுக்கு ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கோ?" என்று கேட்டார் பரிபூரணம்.

"ஏன் கேக்கிறியள்?"

"இருந்தால் உள்ள போய்ச் சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ. சொன்னதுக்கு ஒரு சாட்சியும் வைச்சிருங்கோ. நான் சாட்சியில்லாமச் சொன்னனான். ஊசியைப் போட்டார். இப்ப எனக்கு நெஞ்சு பாதிதான் வேலை செய்யுது. நான் சொல்லவேயில்லை எண்டு இப்ப சொல்லுறார்."

குரலை உயர்த்தவில்லை. வானிலை பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். அந்த மனுசி எழும்பி வீட்டுக்குப் போனா.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். வயதானவர்களுக்குப் பக்கமாகப் பார்த்துத்தான் இருந்தார். இளம் ஆட்களை விட்டுவிட்டார். கேள்வி ஒன்றுதான், கதை ஒன்றுதான். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கூட்டிச் சொன்னால் பொய்க்காரி ஆக்கிவிடுவார்கள் என்று தர்சிகாவிடம் சொன்னார். தர்சிகா அழுதாள். "அம்மா, இந்த நெஞ்சோட உங்களுக்கு ஏன் இது?"

"இந்த நெஞ்சாலதான்" என்றார்.

டொக்டர் முதலில் பார்க்காததுபோல இருந்தார். பிறகு கதிரைகளை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். வருத்தக்காரர் நிற்க ஏலாமல் முணுமுணுத்ததும் திரும்பப் போட்டார்கள். பிறகு பொலிசுக்குச் சொன்னார். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஒருவர் தமிழ் தெரிந்தவர்.

"அம்மா, நீங்கள் இங்க கலாட்டா பண்ணுறீங்களாம்."

"நான் கதிரையில இருக்கிறன் ராசா. இது கலாட்டாவோ?"

"சனத்தைப் பயப்படுத்துறீங்களாம்."

"உங்கட அம்மா இருக்கிறாவோ?"

"இருக்கிறா."

"அவவுக்கு எந்த மருந்து ஒத்துவராதெண்டு தெரியுமோ?"

பொலிஸ்காரர் மற்றவரைப் பார்த்தார். தெரியாது என்றார்.

"போய்க் கேளுங்கோ. நான் இதைத்தான் எல்லாரையும் கேக்கிறன்."

அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது அந்த ஆள் தொலைபேசியில் யாரையோ எடுத்துக் கதைத்துக்கொண்டே போனதாக முனீப் சொன்னார்.

பிறகு டொக்டரே வெளியே வந்தார். சனம் குறைந்திருந்த ஒரு பின்னேரம் அது. "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்? இனி உங்கட வைத்தியம் முழுக்க நான் பார்க்கிறன். கொழும்பில பெரிய இதய டொக்டரிட்டக் காட்டுவிக்கிறன்."

"எனக்கு வைத்தியம் வேண்டாம். நான் சொன்னனானோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

டொக்டர் அங்குமிங்கும் பார்த்தார். "நான் அதைச் சொன்னால் என்ர தொழிலே போயிடும்."

"அப்ப நான் இருக்கிறன்" என்று கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சனம் உண்மையிலேயே குறைந்தது. உப்புவெளி, சாம்பல்தீவு, சல்லி எங்கும் கதை போய்விட்டது. டொக்டர் மெலிந்தார். அதைக் கண்டு பரிபூரணம் மகிழ்ந்தார். அதை அவர் மறைத்ததில்லை. "கழுத்தெலும்பு தெரியுது பிள்ளை" என்று என்னிடம் திருப்தியாகச் சொன்னார்.

ஆனால் வேறொன்றும் நடந்தது, அதை அவர் விரும்பவில்லை. டொக்டரின் வேகம் குறைந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் என்ன மருந்து ஒத்துவராது, வேறென்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார், வெளியே இருக்கிறவருக்கும் காதில் விழட்டும் என்று. ஊசி போட்டவர்களை உடனே வீட்டுக்கு விடாமல் அரை மணித்தியாலம் கதிரையில் இருத்தினார். அவசர ஊசி ஒரு தட்டில் ஆயத்தமாக இருந்தது. இதெல்லாம் பரிபூரணத்துக்குப் பயந்து செய்தது. அதனால் போன சனத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. "திருந்திட்டார் அக்கா, இனி விடுங்கோவன்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

"அவர் திருந்தவேணுமெண்டு நான் போகேல்லை" என்றார் பரிபூரணம்.

தம்பையா வந்தது வெயில் காலத்தில். சல்லியில் வள்ளம் வைத்திருக்கும் வயதான கடற்தொழிலாளி. கெளுத்தி முள் குத்திக் கை வீங்கியிருந்தது. அன்று நடந்ததைப் பரிபூரணமும் முனீப்பும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

திறந்த கதவால் டொக்டர் கேட்டது காதில் விழுந்தது. "ஐயா, எந்த மருந்தாவது முந்தி ஒத்துவராமப் போயிருக்கோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"எனக்கொண்டுமில்லை டொக்டர். நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போற ஆள் இல்லை."

"பிரஷர், நெஞ்சு, சீனி எண்டு குளிசை?"

"இல்லை."

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த தம்பையா பரிபூரணத்துக்குப் பக்கத்தில் இருந்தார். பெரிய கதைக்காரர். கெளுத்தி எப்படிக் குத்தியது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இடையில் நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"கை கடிக்குது, ஒரே அரிப்பு" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

பரிபூரணத்துக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் வேறொருவருக்கும் இன்னும் விளங்கவில்லை. அவர் கத்தவில்லை. தம்பையாவின் காது சிவந்து வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அந்த நேரம் என்ன நினைச்சனான் தெரியுமோ?" என்று என்னிடம் கேட்டார். "இந்த மனுசன் இங்க, எல்லாருக்கும் முன்னால விழுந்தால், டொக்டர் துலைஞ்சார். நான் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும். அப்பிடித்தான் நினைச்சனான். சும்மா சொல்லக் கூடாது, அந்த நினைப்பு நல்லா இனிச்சது."

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் என்கிறார். தம்பையா கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். கதைக்காரருக்குக் கதை வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. தன்னுடைய வாய் அப்படி அசைந்தது பரிபூரணத்துக்கு ஞாபகம் வந்தது.

"நிவேதிகா! ஓடி வா! இவருக்கு ஊசி ஒத்துவரேல்லை!"

டொக்டர் பாய்ந்து வந்தார். தம்பையாவை நிலத்தில் கிடத்தி, கால்களைக் கதிரையில் தூக்கி வைத்து, உடுத்திருந்த சாரத்தோடு சேர்த்துத் தொடையில் ஊசியை ஏற்றினார். நிவேதிகா அம்புலன்சுக்குப் போன் எடுத்தாள். கொஞ்சத்தில் தம்பையா இருமினார், முனகினார், தண்ணி கேட்டார். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனபோது ஆள் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புலன்ஸ் போன கையோடு அவருடைய மகன் வினோஜன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் சல்லிப் பொடியன்கள் ஏழெட்டுப் பேர். பாதிக் கதைதான் அவர்கள் காதுக்குப் போயிருந்தது.

"எங்க அவன்? முதல் இந்த அம்மாவை முடிச்சான், இப்ப எங்கட அப்பாவை முடிக்கப் பார்த்தானோ?"

ஒருவன் வாசலில் இருந்த பூச்சாடியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் அடித்தான். கண்ணாடி உதிர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். டொக்டர் மேசைக்குப் பின்னால் நின்றார், முகத்தில் ரத்தமில்லை. வீதியில் போனவர்களும் கூடிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் அவரை வெளியே இழுத்துப் போட்டிருப்பார்கள்.

பரிபூரணம் கதிரையைப் பிடித்து எழும்பினார். உடைந்த கண்ணாடி செருப்புக்குக் கீழே நெரிபட நடந்து, வினோஜனுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நில். உன்ர அப்பா உயிரோட போறார். நான் பக்கத்தில இருந்தனான்."

"நீங்கள் விலகுங்கோ அம்மா. உங்களுக்காகவும் சேர்த்துத்தான் குடுக்கப் போறம்."

"எனக்காகச் சேர்த்துக் குடுக்கவேண்டாம். உன்ர அப்பாவிட்ட இவர் கேட்டவர். ஒத்துவராத மருந்து இருக்கோ எண்டு வடிவாக் கேட்டவர், என்ர ரெண்டு காதாலையும் கேட்டனான். அப்பா இல்லை எண்டவர். அவருக்கே தெரியாது. முதல் தடவை ஒருத்தருக்கும் தெரியவராது. இதில இவரில பிழை இல்லை."

வினோஜன் விழித்தான். "நீங்களோ இவருக்காகக் கதைக்கிறியள்?"

"இவருக்காக இல்லை" என்றார் பரிபூரணம். "செய்யாததுக்கு நீங்கள் இவரை அடிச்சால், நாளைக்கு ஊர் முழுக்க இவரைப் பாவம் எண்டு சொல்லும். எனக்குச் செய்தது அதுக்குள்ள மறைஞ்சு போயிடும். அதை நான் விடமாட்டன்."

பிறகு திரும்பினார். டொக்டரை நேரே பார்த்தார். முனீப் சொல்கிறார், அந்தப் பொடியன்களைவிட அந்தப் பார்வைக்குத்தான் டொக்டர் பயந்தார் என்று.

"இவருக்கு நடந்ததை நான் உள்ளபடி சொல்லிப்போட்டன். எனக்கு நடந்ததை நீங்கள் உள்ளபடி சொல்லுங்கோ."

டொக்டரின் பின்னால் நின்ற நிவேதிகா, "சொல்லுங்கோ டொக்டர். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

டொக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா எனக்குச் சொன்னவ" என்றார். "பென்சிலின் ஒத்துவராதெண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை. பிறகு, சொல்லேல்லை எண்டு பொய் சொன்னனான்."

பரிபூரணம் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொருக்காச் சொல்லுங்கோ. வீதியில நிக்கிறவைக்குக் கேக்கேல்லை" என்றார்.

டொக்டர் இன்னொருதரம் சொன்னார். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

பரிபூரணம் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். வழியில் முனீப், "இப்ப மனசுக்கு நிம்மதியா இரிக்கா அம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"நிம்மதியோ? சந்தோசமா இருக்கு" என்றாராம். வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியால் வந்த பிறகு முதல் தடவையாக இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டதாகத் தர்சிகா சொன்னாள்.

அதற்குப் பிறகு விசாரணை மறுபடி நடந்தது. நிவேதிகா உள்ளதைச் சொன்னாள், டொக்டரும் ஒத்துக்கொண்டார். கொஞ்சக் காலம் டிஸ்பென்சரியை மூட வேண்டி வந்தது. அந்த நாட்களில் நிவேதிகா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போய்விட்டாள். தம்பையா ஆஸ்பத்திரியால் வந்து பரிபூரணத்துக்கு ஒரு பெரிய பாரை மீன் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொன்னபோது, தான் கொஞ்சம் பிந்தித்தான் கத்தியதாகப் பரிபூரணம் அவரிடமே சொல்லியிருக்கிறார். மனுசன் நம்பவில்லை, சிரித்துவிட்டுப் போனார்.

டொக்டர் மன்னிப்புக் கேட்டுக் கோயில் ஐயரைத் தூது அனுப்பினார். பொங்கலுக்குப் பழத்தட்டு அனுப்பினார். தட்டு வந்த ஓட்டோவிலேயே திரும்பிப் போனது. ஒருதரம் நேரில் வந்து வாசல் படலையில் நின்றார். பரிபூரணம் விறாந்தையில் இருந்தபடி, "என்ர நெஞ்சு சரியாகினால் அண்டைக்கு வாங்கோ" என்றார்.

நெஞ்சு சரியாகாது என்பது இருவருக்கும் தெரியும்.

இப்போது டிஸ்பென்சரி மறுபடி திறந்திருக்கிறது. சனமும் வருகிறது. நானும் போன மாதம் காய்ச்சலுக்குப் போனேன். பரிபூரணத்திடம் சொன்னேன். "போ பிள்ளை, இப்ப நல்ல டொக்டர்தான். நல்லாக் கேட்டு மருந்து தருவார்" என்றார், கொஞ்சம் கசப்போடு.

அவர் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகக் கடற்கரைப் பக்கத்தால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இளைப்புள்ள ஆளுக்கு அதுதான் சுகம். அவர் அதால் போவதில்லை. பின்னேரம், டிஸ்பென்சரி திறந்திருக்கிற நேரம் பார்த்து, நிலாவெளி வீதியால் போகிறார். புதுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டொக்டர் அவரைக் கண்டதும், வருத்தக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கதிரையை விட்டு எழும்பி நிற்கிறார். பரிபூரணம் கடந்து போகும்வரை நிற்கிறார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

"அக்கா, களைக்குதோ? ஏன் இவ்வளவு மெல்ல நடக்கிறியள்?"

"களைக்கேல்லை" என்றார், உள்ளே திரும்பிப் பார்க்காமல். "அவர் நிக்கட்டும்."